பச்சை பாட்டிலின் பின்பக்கம்

சுனாமி வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருந்த சந்தில் நடந்தது இது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சப்படுவேன். இதை எழுதவே இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

எதிர் வீட்டுக்காரி ஒரே ஒரு பசு வைத்திருந்தாள். புருஷன் இல்லை. அந்தப் பாலை நம்பித்தான் அவளும் மகளும் இருந்தார்கள். சந்தில் எல்லா வீட்டு வாசலிலும் அவளுக்காக ஒரு பக்கெட் இருக்கும். அரிசி கழுவின தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில் போடுவோம். சாயந்திரம் வந்து எடுத்துப் போய் மாட்டுக்குக் காட்டுவாள். பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர் மட்டும் அதில் விழக் கூடாது. அது சாக்கடைக்குத்தான் போகும்.

ஒரு நாள் காலையில் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் பச்சை பாட்டில், மேலே வேப்பிலை படம். பாத்திரம் தேய்க்கிறதாம்.

"சோப்பே இல்ல ஆயா, எல்லாம் மூலிக. கழுவுன தண்ணிய செடிக்கே ஊத்தலாம். கொழந்த நக்குனாலும் ஒண்ணும் ஆவாது."

எதிர் வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "மொதல்ல நீ நக்கிக் காட்டு, அப்புறம் வாங்கறோம்" என்றாள். சந்தே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, "வேணும்னா படிச்சுப் பாருங்க" என்று பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

எதிர் வீட்டுக்காரிக்குப் படிக்கத் தெரியாது. நான் எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தேன். இயற்கை மூலிகைகளால் ஆனது, மண்ணுக்கும் உயிர்களுக்கும் தீங்கற்றது என்று பெரிய பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"அக்காவே படிச்சிட்டாங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றாள் எதிர் வீட்டுக்காரி. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு, சோறும் குழம்பும் ஒட்டின கழுவு தண்ணீர் எதற்கு வீணாகப் போக வேண்டும், இனிமேல் பக்கெட்டிலேயே ஊற்றுகிறேன் என்று சொன்னேன். சொன்னது நான்தான். அவளாகக் கேட்கவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை. மாடு தீனி எடுக்கவில்லை. வாயில் நுரை தள்ளியது, வயிறு உப்பிக்கொண்டது. மாட்டு டாக்டர் வந்து, "சோப்புத் தண்ணி ஏதாச்சும் குடிச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"சோப்பெல்லாம் இல்ல டாக்டர், மூலிகத் தண்ணி. அக்கா படிச்சே சொன்னாங்க."

நான் போய் பாட்டிலை எடுத்து வந்தேன். அவர் இலைப் படத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் திருப்பி, எறும்பு மாதிரி இருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "வயித்துக்குள்ள போவக் கூடாது, கொழந்த, ஆடு மாடுக்கு எட்டாம வைக்கணும்னு போட்டிருக்கேம்மா."

நல்லதையெல்லாம் எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதிவிட்டு, கெட்டதை மட்டும் தெரியாத பாஷையில் எழுதி வைத்திருக்கிறார்களே.

மறுநாள் மத்தியானம் மாடு செத்துப் போனது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வரைக்கும் அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நீ என்னக்கா பண்ணுவ, எழுதியிருந்ததத்தான படிச்ச" என்றாள். அதற்குப் பதில் அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

அடுத்த மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். நடந்ததைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது. "நானும் முன்னாடி இருக்கறததான் ஆயா சொல்றேன். எனக்கும் இங்கிலீஷ் வராது" என்றாள். என்னத்தைத் திட்டுவது? அவள் பையில் புது பாட்டில்கள் இருந்தன. இந்தத் தடவை இலை இன்னும் பெரிது.

எதிர் வீட்டுக்காரி பீச் பக்கத்து வீடுகளில் பத்துப் பாத்திரம் தேய்க்கப் போக ஆரம்பித்தாள். அங்கேயும் அவளுக்குக் கொடுத்தது அதே பச்சை பாட்டில்தான். விரல் நுனியெல்லாம் வெடித்துப் போன கையை ஒரு நாள் என்னிடம் நீட்டி, "உசுருக்குக் கெடுதியே இல்லியாம்க்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இன்றைக்குக் கடையில் எதை எடுத்தாலும் ஒரு இலை ஒட்டியிருக்கிறது. நானும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அன்றிலிருந்து யார் காதிலும் விழும்படி நான் எதையும் படித்ததில்லை.