ஆடி கழியட்டும் என்றேன்

அப்பாவின் வைத்தியத்துக்குப் பணம் திரட்ட என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். அவளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு வயதிலேயே கொடைக்கானலில் ஒரு நகைக்கடையில் காது குத்தியாகிவிட்டது. பொட்டுக் கம்மலோடுதான் வீட்டைச் சுற்றித் திரிந்தாள். இருந்தும் பத்திரிகை அடித்தேன். யோசனை என்னுடையது. பழியை அம்மா மேலும் அப்பா மேலும் போட்டுத் தப்பிக்கப் பல நாள் பார்த்தேன், முடியவில்லை.

எங்களுக்குக் கொடைக்கானலை ஒட்டிய பள்ளங்கியில் பூண்டும் கேரட்டும் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் காடு. நான் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் நிற்கிறவன். அந்த வருஷம் ஆனி மாதத்தில் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் சோறு, அப்புறம் இட்லி, கடைசியில் கஞ்சிகூட நெஞ்சில் நின்று நின்று போனது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் புற்று என்றார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இப்பவே வந்தா ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம். ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளாதீங்க." காப்பீட்டு அட்டையில் ஒரு பகுதிதான் போகும், மீதியை நாங்கள் கட்ட வேண்டும். அந்த மீதி எங்களிடம் இல்லை. பூண்டு இன்னும் மண்ணுக்குள் கிடந்தது.

மொய் ஞாபகத்துக்கு வந்தது அப்போதுதான். அப்பா முப்பது வருஷமாக மலை முழுக்க மொய் செய்து வந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று ஒரு வீட்டையும் விட்டதில்லை. என் கல்யாணம் கோயிலில் சுருக்கமாக முடிந்துவிட்டதால் அவர் செய்ததெல்லாம் ஊரிலேயே நின்றது. எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் வைத்தால் அத்தனையும் திரும்பி வரும், கூடுதலாகவும் வரும். நம் காசு நமக்கு வருகிறது. யாருக்கும் பல்லைக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் சீக்குக்காக என்று வாய் திறந்தால் கதையே வேறு. சீக்காளி வீட்டில் போட்டது திரும்பி வருமா என்று நாலு பேர் யோசிப்பார்கள். மீதிப் பேர் பரிதாபப்பட்டுக் கையில் திணிப்பார்கள். டை கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் குட்மார்னிங் சொல்கிற எனக்கு அந்தப் பரிதாபம் ஆகாது. திமிர் என்றால் திமிர்தான். அதனால் நோயை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு தடங்கல் இருந்தது. பத்திரிகை அடித்து வீடு வீடாக வைக்கவே இரண்டு வாரமாகும், அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யார் விசேஷம் வைப்பார்கள்? ஆவணி முதல் முகூர்த்தத்தைக் குறித்தோம். ஆக மொத்தம் ஆறு வாரம். டாக்டர் சொன்னது இரண்டு. டாக்டர் என்றால் கொஞ்சம் பயமுறுத்தத்தான் செய்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்காச்சும் கொண்டு போவமேய்யா" என்றாள் அம்மா.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்று எரிந்து விழுந்தேன். அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாம். நான் கத்தினால் கத்திவிட்டுப் போகிறான் என்று எடுத்திருக்கலாம்.

ஆடி நடுவில் ஒரு நாள் எனக்கு லீவு. அப்பா வெள்ளனே காட்டுக்குப் போயிருந்தார். நான் போனபோது வரப்பில் உட்கார்ந்து எச்சில் துப்பி, அதைக் காலால் மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார். எச்சிலில் சிவப்பு இருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"ஏலே, பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாப்பமா?" என்றார்.

பாய் பெருமாள்மலையில் கடை வைத்திருப்பவர். இருபது வருஷமாக எங்கள் பூண்டை எடுத்து வத்தலக்குண்டுக்கு அனுப்புகிறவர்.

"என்னன்னு கேப்பீங்க?"

"உள்ளதச் சொல்லித்தான் கேக்கணும்."

"பத்திரிக வச்சாச்சு. இப்பப் போயிச் சொன்னா மலை முழுக்கத் தெரிஞ்சிரும். அப்பறம் யாரு வருவா? இன்னும் ரெண்டு வாரந்தானப்பா. ஆடி கழியட்டும்."

அப்பா வரப்பிலிருந்து எழுந்தார். "சரி, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து யாரிடமும் ஒன்று கேட்டறியாத மனுஷன் அன்றைக்குக் கேட்கத் துணிந்தார். நான் அவரை உட்கார வைத்துவிட்டேன்.

காதுகுத்து பிரமாதமாக நடந்தது. பந்தல், மைக் செட், கறிச்சோறு, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டை தொளதொளவென்று தொங்கியதால் மேலே ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு வாசலில் நிற்க வைத்தேன். "என்னப்பா, இப்படி எளச்சிட்டாரு" என்று கேட்டவர்களிடம் "சுகருங்க, டயட்ல இருக்காரு" என்றேன். மகள் மாமன் மடியில் உட்கார, ஆசாரி ஏற்கெனவே இருந்த ஓட்டையில் கம்மலை மாட்டிவிட்டுக் கையை எடுத்தார். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை. ஊரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

பந்தியில் யாரோ அப்பாவையும் உட்காரச் சொன்னார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உட்காருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். சாப்பிடாவிட்டால் சந்தேகம் வருமே. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அப்புறம் மெல்ல எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனார். அந்த வரிசையில் எல்லாரும் குனிந்து அவரவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை என்று எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மொய் நினைத்ததைவிட நிறையவே விழுந்தது. அப்பா செய்ததைப் போல இரண்டு மடங்கு செய்தவர்கள் பலர். அப்பாவுக்கு இருக்கிற செல்வாக்கைப் பார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பணத்தோடு மதுரைக்குப் போனோம். டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்தார். பழைய சீட்டில் இருந்த தேதியையும் புதுப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் எங்க போயிருந்தீங்க?"

"வீட்ல ஒரு விசேஷங்க" என்றேன். நான் சொன்ன பதில் அதுதான்.

"ஈரலுக்குப் பரவிருச்சு. இனி ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. மருந்து ஏத்திப் பாப்போம்" என்றார். கட்டுவதற்கான பணம் மொத்தமும் என் மடிமேல் வைத்திருந்த பையில் இருந்தது.

அப்பாவை மருந்துக்குச் சேர்த்து, துணைக்கு அம்மாவை விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்தேன். பெருமாள்மலையில் பஸ் நின்றபோது பாய் கடையிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு தம்பி?"

"எந்த டாக்டரு பாய்?"

"ஆனியிலயே ஒங்கள மதுரை ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்து நம்ம பூண்டு ஏத்துற ஜீப்புக்காரரு சொல்லிட்டாருப்பா. இந்த மலையில எல்லாத்துக்கும் தெரியும். நீங்க மறைக்கிறீங்க, நாங்களாக் கேட்டா அண்ணன் மனசு நோகுமேன்னு வாயத் தொறக்கல. காதுகுத்துக்கு வந்ததே அதுக்குத்தான?"

டீ கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டேன். பாயே மேலே சொன்னார்.

"நானும் பணத்த எடுத்து வச்சுட்டுப் பாத்துக்கிட்டே கெடந்தேன். அவரு கடைப் பக்கமே வரல. நானாக் கொண்டாந்து நீட்டியிருந்தா நீ வாங்கியிருப்பியா?"

வாங்கியிருக்க மாட்டேன். அதை அவரும் என் முகத்திலேயே படித்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆனியிலேயே அறுத்து எடுத்திருக்கலாம். ஆடியும் தேவையில்லை, பந்தலும் தேவையில்லை.

அப்பா தை பிறப்பதற்குள் போய்விட்டார். போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு மத்தியானம், வெயில் கொஞ்சம் தலை காட்டியதால் அவரை வெளியே கட்டிலில் உட்கார வைத்து, கரண்டியில் இளநீர் ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதி வழிந்தது, துடைத்துவிட்டேன். குரல் கம்மிப்போயிருந்ததால் என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதுப்பா."

"நாந்தான் அவசரப்பட்டேன், பாய்கிட்டப் போவம்னு. நீ கெட்டிக்காரன். ஒருத்தருகிட்டயும் கை நீட்ட விடாம முடிச்சிட்ட."

ஆமாப்பா என்றேன்.