தபித்தாளின் பளபளா லேப்டாப்

தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வேலை செய்கிற கதி வரும் என்று தபித்தாள் கனவிலும் நினைத்ததில்லை. காலையில் தலை வாரும்போது ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது இன்னொரு தடவை. அதற்குமேல் கண்ணாடிப் பக்கம் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "பார்த்த முகந்தானுங்களே, எங்கயாச்சும் ஓடியா போயிரும்?" என்பாள்.

குன்னூரிலிருந்து மஞ்சூர் போகிற ரோட்டில், சேலாஸ் என்ற ஊருக்குச் சற்று மேலே ஒரு டீ ஃபேக்டரி இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து தபித்தாளுக்கு அங்கே ஆபீசில் டைப்பிங் வேலை. டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதைச் சாமி ரூமைப்போலத் தூரமாக நின்று பார்க்க, அவள் போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டாள். அவள் புருஷன் பவுல்ராஜ் அதே ஃபேக்டரியில் இலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தேயிலை விலை படுத்தது. அடுத்த சீசனில் எழுந்துவிடும் என்றார்கள், எழவில்லை. அதற்கடுத்த சீசனில் நிச்சயம் என்றார்கள், புரண்டுகூடப் படுக்கவில்லை. பக்கத்து லயன் வீடுகளில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் இறங்கிவிட்டார்கள். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடி, பிறகு ஒரே நாள் ஓடி, கடைசியில் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். புருஷன், பெண்சாதி இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது பவுல்ராஜ் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். தபித்தாள்தான் பேசினாள்.

"ஏனுங்க, நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு கிடைச்சதே இல்லைன்னு சொல்லுவீங்களே. இந்தா, கிடைச்சிருச்சு பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்த வாரமே ஒரு டூரிஸ்ட் கார் முதலாளியிடம் டிரைவராகச் சேர்ந்தார்.

தபித்தாள் வேறு வேலை கேட்டு விண்ணப்பம் போட, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொள்ளக் குன்னூருக்குப் போனாள். அங்கே ஸ்டுடியோக்காரர் வடிவேல் கம்ப்யூட்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். போட்டோ எடுப்பதில் மனுஷர் கெட்டிக்காரர். ஆனால் பிலிம் போய், கல்யாண ஆல்பத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அடுக்கிக் கோயமுத்தூர் கலர் லேபுக்கு அனுப்பவேண்டிய காலம் வந்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளையைப் பெரிதாக்கப் போய் ஐயரைப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"கொஞ்சம் நகருங்கண்ணா" என்று தபித்தாள் உட்கார்ந்தாள். விண்ணப்பம் அதோடு மறந்தே போயிற்று.

இரண்டு கல்யாண சீசன் போவதற்குள் அவள் ஆல்பம் என்றால் மேட்டுப்பாளையம் ரோடு வரைக்கும் பேர் இருந்தது. ஆனால் தினமும் பஸ்ஸுக்குக் காத்து நின்று குன்னூர் போய்வருவது பெரும்பாடாக இருந்தது. ஒரு லேப்டாப் இருந்தால் வீட்டிலேயே செய்யலாமே என்று ஆசை வந்தது. ஐப்பசி மழை விட்ட ஒரு நாளில் இருவரும் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தார்கள்.

கடைப் பெண் இந்துமதி இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தாள்.

"உள்ள இருக்கிற சாமானெல்லாம் ஒண்ணுதாங்க. ஸ்கிரீன்தான் வேற. இது க்ளாஸி, பளபளன்னு இருக்கும். இது மேட், மினுக்காது."

தபித்தாளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆல்பத்துக்கு மேலே ஒட்டுகிற லேமினேஷனிலும் இதே இரண்டு ஜாதிதான். வருகிறவர்களிடமெல்லாம் "மேட் போடுங்க, கைரேகை படியாது, லைட் அடிச்சாலும் கண்ணு கூசாது" என்று சொல்லுகிறவளே அவள்தான்.

பவுல்ராஜ் நேர் எதிர். காரின் பானட்டில் தன் மீசை தெரிகிறவரை துடைக்கிற ஆள். க்ளாஸி ஸ்கிரீனில் ஓர் அருவிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவர் சாரலில் நனைகிறவர்போல நின்றுவிட்டார்.

"தபித்தா, இதைப் பாரு. தண்ணி கையில படற மாதிரி இருக்கு. அந்த இன்னொண்ணு சாம்பல் பூசின மாதிரியில்ல இருக்கு!"

"கடைக்குள்ள டியூப்லைட்டுல எல்லாம் அழகாத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டாங்க பார்ப்போம்."

இந்துமதி தயங்கினாலும் ஒவ்வொன்றாக வாசலுக்குத் தூக்கி வந்தாள். வெளிச்சத்தில் க்ளாஸி ஸ்கிரீனுக்குள் டவுன்பஸ் ஒன்று போயிற்று. ஒரு பூக்காரம்மா போனார். அருவியை மட்டும் காணவில்லை. மேட் ஸ்கிரீனில் படம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் படமாகவே இருந்தது.

"பார்த்தீங்களா? மேட்டே குடும்மா" என்றாள் தபித்தாள். கடைப் பெண் பெட்டி எடுக்க நகர்ந்தாள்.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. "ஒரு நிமிஷம்" என்று தபித்தாள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். தான் முந்தின வாரம் முடித்த ஒரு கல்யாணப் பெண்ணின் படத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்தாள். மேட்டில் பெண் நன்றாகத்தான் இருந்தாள், பிழை சொல்ல ஒன்றுமில்லை. க்ளாஸியிலோ அந்த அரக்குப் பட்டு தீயாக எரிந்தது. மல்லிகை மொட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளை வெளேரென்று நின்றது. பெண் இப்போதே எழுந்து வந்து 'அக்கா' என்று கூப்பிடுவாள் போலிருந்தது. தன் கைவேலை இவ்வளவு அழகா என்று தபித்தாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இதையே குடுத்திரும்மா" என்றாள் க்ளாஸியைத் தொட்டு.

பவுல்ராஜே பயந்துபோனார். "வெளிச்சத்துல தெரியாதுன்னு இப்பத்தான நீ சொன்னே?"

"நம்ம ஊர்ல வெயில் எங்கீங்க அடிக்குது? பாதி நாள் மிஸ்ட்டு, மீதி நாள் மழை."

அந்த மாசம் அது உண்மையாகத்தான் இருந்தது. அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை முழுக்கக் கண்ணாடி ஜன்னல். அங்கேதான் மேஜை. வெளியே மூட்டம் கட்டி நிற்க, உள்ளே லேப்டாப் நவரத்தினமாக மின்னியது. தபித்தாள் பாடிக்கொண்டே வேலை செய்தாள்.

மார்கழி வந்தது. ராத்திரி உறைபனி, விடிந்தால் ஒரு பொட்டு மேகமில்லாத வானம். காலையிலிருந்தே வெயில் ஜன்னல் வழியே பாய்ந்தது. லேப்டாப்பைத் திறந்தால் எதிர்த் தேயிலைச் சரிவு, கொடியில் காயும் பவுல்ராஜின் சட்டை, எல்லாவற்றுக்கும் நடுவில் தபித்தாளின் முகம். மணமகள் கன்னத்தில் ஒரு பருவை அழிக்கப் போனால் அது தன் மூக்குத்தி என்று தெரிந்தது. தையில் கல்யாணங்கள் வரிசை கட்டி நின்றன. மேஜையைத் திருப்பிப் போடலாம் என்றால், கரண்ட் பிளக் இருந்த மூலை அந்த ஒன்றுதான்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கறுப்புக் கம்பளி ஒன்றை எடுத்துத் தன் தலையையும் லேப்டாப்பையும் சேர்த்து மூடிக்கொண்டாள். உள்ளே கும்மிருட்டு. படம் பளிச்சென்று தெரிந்தது.

முதல் நாளே பக்கத்து வீட்டுத் தெய்வம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு தைலப் பாட்டிலும் கையுமாக ஓடி வந்தார்.

"ஆவி பிடிக்கிறியா தங்கச்சி? சொல்லியிருந்தா சுடுதண்ணி நானே வெச்சுத் தந்திருப்பேனே!"

"ஆவி இல்லீங்கக்கா, வேலை."

தெய்வம்மா நம்பவில்லை. நெற்றியில் தைலத்தைத் தேய்த்துவிட்டுத்தான் போனார்.

சபையில் வேறு மாதிரிப் பேச்சு கிளம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்சா என்ற அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"முக்காடு போட்டுக்கிட்டு மணிக்கணக்கா ஜெபத்துல இருக்கியாமே, கேள்விப்பட்டேன். தேயிலை விலைக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கோம்மா."

இல்லை என்று சொல்ல தபித்தாளுக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து கம்பளிக்குள் நுழையும்போதெல்லாம் தேயிலை விலைக்காக ஒரு வரி சொல்லிவிட்டே வேலையைத் தொடங்கினாள்.

கம்பளி வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. இருட்டுக்குள் அந்தப் பளபளா ஸ்கிரீன் கண்ணைக் குத்த, எல்லாப் படமும் அளவுக்கு மீறி வெளிச்சமாக இருப்பதாக நினைத்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலாக்கினாள். அப்படி முடித்த முதல் ஆல்பம் மருதாம்பாளுடையது.

மருதாம்பாள் மஞ்சூர்ப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்தவர். விலை இல்லாத காலத்தில் மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பந்தலைச் சுருக்கி, மேளத்தைச் சுருக்கி, விருந்தையும் சுருக்கினார். போட்டோவில் மட்டும் கை வைக்கவில்லை. "இது ஒண்ணுதான் நின்னு பேசும்" என்று வடிவேலிடம் சொல்லியிருந்தார்.

லேபிலிருந்து ஆல்பம் வந்த அன்று தபித்தாளும் ஸ்டுடியோவில் இருந்தாள். மருதாம்பாள் முதல் பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவதைத் திருப்பினார். பிறகு ஆல்பத்தைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனுங்க, எம்புள்ளைய டிக்காஷன்ல முக்கி எடுத்தீங்களா?"

மருதாம்பாள் கத்தவில்லை, முகம் மட்டும் விழுந்துவிட்டது. அந்த முகம் தபித்தாளைச் சுட்டது. வடிவேல் லேபைக் குறை சொல்ல வாயெடுத்தார். அவள் தடுத்தாள்.

"லேப் மேல குத்தமில்லீங்கண்ணா, என் கைதான். அம்மா, இதை வெச்சுட்டுப் போங்க. உங்க பொண்ணை நான் வெளிச்சத்துக்குக் கொண்டாரேன்."

ஸ்டுடியோவின் பழைய மானிட்டரில் அதே பக்கங்களைத் திறந்து பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அங்கேயும் படம் இருண்டுதான் இருந்தது. கம்பளி இருட்டுக்குள் வீட்டு ஸ்கிரீன்தான் இத்தனை நாளும் அவளைக் கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்திருக்கிறது.

சாயங்காலம் பவுல்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நீதானே வாங்கினாய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் கோயமுத்தூரில் ஒரு டிராப் இருந்தது. திரும்பி வரும்போது ஒரு சுருளைக் கொண்டுவந்தார். லேப்டாப் ஸ்கிரீன்மேல் ஒட்டுகிற மேட் ஷீட்.

"காந்திபுரத்து இந்துமதியம்மாதான் குடுத்துச்சு. உன்னைய நல்லா ஞாபகம் வெச்சிருக்கு. கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டற மாதிரிதான், நான் ஒட்டித் தரேன்."

"அதுக்குச் சோப்புத் தண்ணி ஊத்துவீங்களே!"

"ஊத்தலை சாமி, ஊத்தலை."

தூசி வராமல் கதவு ஜன்னலெல்லாம் அடைத்தார்கள். தெய்வம்மா தட்டியபோது "பத்து நிமிஷம் கழிச்சு வாங்கக்கா" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்கள். பவுல்ராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரத்திலிருந்து ஷீட்டை இறக்க, தபித்தாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றால் காற்றைத் தள்ளிக்கொண்டே வந்தாள். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு மேல்மூலையில் ஒரேயொரு குமிழி மட்டும் மிளகு சைஸில் நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"இருக்கட்டுமுங்க" என்றாள். "மாப்பிள்ளை மூக்குமேல வராம இருந்தாச் சரி."

கதவைத் திறந்தார்கள். வெயில் மேஜைமேல் நேராக விழுந்தது. ஸ்கிரீனில் தேயிலைச் சரிவு இல்லை, சட்டை இல்லை, தபித்தாளும் இல்லை. மருதாம்பாளின் மகள் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், அப்பட்டமாக, இருட்டாக. பட்டு முன்போல எரியவில்லை. அதில் தபித்தாளுக்குச் சின்ன வருத்தம் இருந்ததை மறைக்க முடியாது. "அழகு குறைஞ்சிருச்சுல்ல?" என்று பவுல்ராஜும் மெதுவாகச் சொன்னார். "நமக்குக் குறைஞ்சா என்னங்க, ஆல்பத்துல வந்தாப் போதும்" என்று உட்கார்ந்து மொத்தப் பக்கங்களையும் முதலிலிருந்து செய்தாள். இந்தத் தடவை ஒரே ஒரு பக்கத்தை முதலில் பிரிண்ட் போட்டுவரச் சொல்லி, ஸ்கிரீன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருத்தி, அதன் பிறகுதான் முழுசையும் அனுப்பினாள்.

மருதாம்பாள் இரண்டாம் தடவை வந்தபோது மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார். நின்றுகொண்டே முதல் பக்கத்தைத் திருப்பினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பந்தல் சின்னதாக இருந்தது ஆல்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. பட்டு பட்டாக இருந்தது, மஞ்சள் மஞ்சளாக இருந்தது. மகள் கன்னத்துச் சிரிப்பில் சின்ன வெட்கம்கூட விழுந்திருந்தது. மருதாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே திருப்பிக்கொண்டே போனார். சம்பந்திகள் வரிசையாக நிற்கிற பக்கத்தில் விரல் நின்றது.

தபித்தாள் எட்டிப் பார்த்தாள். "என்னங்கம்மா?"

"எல்லாம் நல்லா இருக்குதுங்க. எங்க ஊட்டுக்காரர் தொப்பைய மட்டும் கொஞ்சம் உள்ள தள்ள முடியுமுங்களா?"

"தள்ளலாமுங்க" என்றாள் தபித்தாள். "ஆனா ஆல்பத்தைப் பார்க்கிறவங்க அவரை நேர்லயும் பார்ப்பாங்களே!"

மருதாம்பாள்தான் முதலில் சிரித்தார். மாப்பிள்ளை மாமனாருக்கு மரியாதை கருதி வாயைப் பொத்திக்கொண்டார். வடிவேல் டீ சொல்ல வெளியே போனார். தபித்தாள் அடுத்த கல்யாணத்தின் படங்கள் இருந்த பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு, மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்க இறங்கி நடந்தாள்.