ஹலாலா என்று மட்டும் கேட்டேன்

கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வெடுக்க நினைத்தபோது எனக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்புறுதி எடுத்தேன். கல்முனையில் எங்கள் பள்ளிவாசலில் முன்வரிசையில் தொழுகிற, என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற ஒருவர்தான் முகவர். நான் கேட்டது ஒரே கேள்வி.

“தம்பி, இதில வட்டி கிட்டி இரிக்கா?”

“வட்டியே இல்ல காக்கா, சுத்த ஹலால். கண்ண மூடிக்கிட்டு ஒப்பம் வைங்க.”

கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தேன். ஆறு வருடம் தவறாமல் கட்டினேன். போன மாதம் மனைவிக்கு இருதய வால்வு பழுதென்று டொக்டர் சொன்னார். முகவரிடம் ஓடினேன்.

“ஒங்கட வீட்டு ராத்தாக்கு அறுபத்தஞ்சு வயசு முடிஞ்சிட்டே காக்கா. அதோட காப்புறுதியும் முடிஞ்சி. பத்திரத்தில இரிக்கே, வாசிக்கலியா?”

நோய் வருகிற வயதில் முடிகிற காப்புறுதி யாருக்கு வேண்டும்? வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனால் வாசிக்காதது நான்தான். மனைவி அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முறை வரும்வரை காத்திருக்கிறாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

போன கிழமை அதே ஆள் மகனுக்குக் காப்புறுதி விற்கக் கடைக்கு வந்தார். பத்திரத்தைப் பறித்து மேசையில் விரித்தேன்.

“ஹலால் எண்டு தெரியும். எத்தின வயசில கைவிடுவாய்? அந்த வரிய முதல்ல காட்டு.”

காட்டும்வரை அவரை எழும்ப விடவில்லை.