வெள்ளோட்டம் இல்லாத அறை

என் அக்கா புருஷனுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ‘நிஜமாவா’. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான். லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்து முடித்ததும் பெட்டியின் கூரைமேல் தானே ஏறி நின்று, உச்சிவரை ஒரு வெள்ளோட்டம் போய்வந்த பிறகுதான் மற்றவர்களை ஏறவிடுவார். கடவுள் விஷயத்திலும் அதே வீம்பு. “இருக்கார்னும் தெரியாது, இல்லேன்னும் தெரியாது. தெரியாததுக்கு எப்படிக் கை கூப்புறது?” என்பார். அக்காவோ தும்மினால்கூடக் கடவுளைக் கூப்பிடுகிறவள். இத்தனை வருஷம் எப்படித்தான் சேர்ந்து குப்பை கொட்டினார்களோ.

அக்காவுக்கு இதய ஆபரேஷன். சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குத் தள்ளி வந்தார்கள். கதவு திறக்கும்போது லிஃப்ட்டிலிருந்து லேசாக ஒரு முனகல். அவ்வளவுதான், மாமா கட்டிலுக்குக் குறுக்கே நின்றுவிட்டார். நர்ஸ் அதட்டியும் நகரவில்லை. தான் மட்டும் ஏறி, மேலே போய்க் கீழே வந்து, “இப்பப் போகலாம்” என்றார். எனக்கு மானமே போயிற்று.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அக்கா அவர் கையைப் பிடித்தாள்.

“இதுக்குள்ளயும் முதல்ல போய்ப் பாத்துட்டு வருவீங்களா?”

மாமா தியேட்டர் கதவைப் பார்த்தார்.

“முடியாதில்ல? அப்ப எனக்காக ஒரே ஒரு தடவை கும்பிடுங்க. நடிச்சீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுடும்.”

கதவு மூடியதும் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவார், எழுவார், ஜன்னல்வரை போவார், பாதியில் திரும்புவார். “நம்பாம கும்பிட்டா அவளை ஏமாத்துறதுடா. கும்பிடாம விட்டு அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?” என்று என் உயிரை வாங்கினார்.

“சும்மா கும்பிட்டுத் தொலைங்க மாமா. யாரு பாக்கப் போறாங்க?” என்று எரிந்து விழுந்தேன்.

“அதுதானடா எனக்குத் தெரியல.”

மாடிப்படிப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் அக்காவுக்குப் பேச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “கும்பிட்டீங்களா?”

ஆமாம் என்று சொல்லட்டுமே என்று நான் அவர் காலை மிதித்தேன். மனுஷன் அசரவில்லை.

“இல்ல. கை கூப்ப வரல. ‘நீ இருக்கியான்னே எனக்குத் தெரியல, இவளை மட்டும் திருப்பிக் குடுத்துடு’ன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

அக்கா மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

அக்கா தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள், நன்றாகத் தூங்குகிறாள். இவருக்குத்தான் தூக்கமில்லை. சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது. “யார்கிட்டடா சொன்னேன்?” என்று என்னைப் போய்க் கேட்கிறார்.