வானத்தில் அளந்த தூரம்

கவுஞ்சி என்ற மலைக் கிராமத்தில் பூண்டும் கேரட்டும் போடும் விவசாயி நான். என் தம்பி துபாயில் வேலை பார்க்கிறான். விடுமுறை முடிந்து அவன் திரும்ப வேண்டிய விமானம் கோவையிலிருந்து மாலையில் கிளம்புவது. கிளம்பும் நாள் காலையில், மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த எங்கள் அக்காவையும் பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டான்.

நான் செல்போனில் தேடினேன். மதுரை, கோவை விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரமும் பறக்கும் நேரமும் வந்தன. ஒரு மணி நேரம்கூட இல்லை.

"வெள்ளனே மதுரையில அக்காவப் பாத்துட்டு, மத்தியானம் பிளேன் ஏறு. வெரசாப் போயிரலாம்," என்றேன். தம்பியும் நம்பினான்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, தம்பியை மதுரைக்குக் கூட்டிப்போக இருந்த கார் டிரைவர் முருகேசன் வந்தார். எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "அந்தப் பிளேனுக்கு டிக்கெட் போட்டாச்சாண்ணே?" என்று கேட்டார்.

அப்போதுதான் டிக்கெட்டைத் தேடினோம். நேர் விமானமே இல்லை. சென்னைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நான் பார்த்தது வானத்தில் கோடு போட்டு அளந்த கணக்கு.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். மதுரைக்குப் போய் அங்கிருந்து காரில் கோவை போகவும் நேரம் பத்தாது. மறுநாள் விடியலில் பழனி வழியாக நேரே கோவைக்குக் கிளம்பினான். அக்காவிடம் போனில்தான் சொல்லிக்கொண்டான்.

எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் தோட்டத்தில் நின்றால் எதிர்மலையில் பூண்டு பிடுங்குகிறவர்களின் பேச்சு காதில் விழும். அங்கே நடந்து போய்ச் சேர அரை நாளாகும். இது தெரிந்த நானே ஏமாந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் தூரத்தைக் கேட்பதில்லை. "அங்குட்டுப் போக வண்டி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.