என் இன்டர்நெட்டைத் தின்றது யார்?

பெங்களூரில் குளிரும் டிராஃபிக்கும்தான் தொல்லை என்று ஊரில் சொல்லி அனுப்பினார்கள். இந்த இன்டர்நெட் தொல்லையை ஒருவரும் சொல்லவில்லை. காக்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் ஒற்றை அறையில், பாதி மாதம் போவதற்குள் பிராட்பேண்ட் அளவு தீர்ந்துவிடும். அதன்பிறகு எல்லாம் நொண்டும். குடியாத்தத்தில் தனியாக இருக்கும் அம்மாவை வெப்கேமில் பார்த்துப் பேசத்தான் இந்தக் கனெக்‌ஷனே வாங்கினேன். அப்பா போனபிறகு அவளுக்கு இருக்கிற பேச்சுத்துணை அது ஒன்றுதான். அதையும் எவனோ திருடித் தின்றால் வயிறு எரியாதா?

கஸ்டமர் கேரில் கேட்டால் அந்தப் பெண், "நீவே யூஸ் மாடித்தீரா சார்" என்றாள். பகலெல்லாம் ஆபீஸில் கிடக்கிறவன் நானா பயன்படுத்தினேன்? அரைகுறைக் கன்னடத்தில் ஆரம்பித்த சண்டை பாதியில் தமிழாகிவிட்டது. என் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, அப்படியானால் பெரிய பிளானுக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

அடுத்து சந்தேகம் மாடிக்குப் போனது. வீட்டுக்கார ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் ஜாடையாகக் கேட்டேன். தங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன், வைஃபையையே அணைத்தேன். அப்படியும் மோடத்தின் விளக்கு விடாமல் மின்னியது. ஒருநாள், திருடனைப் பிடித்தே தீருவது என்று அரைநாள் லீவு போட்டு மத்தியானமே வந்தேன். மோடத்தோடு வயரில் இணைத்த கம்ப்யூட்டரை நான் அணைப்பதில்லை. மானிட்டரையும் ஸ்பீக்கரையும் மட்டும் அணைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுவேன். இரண்டையும் போட்டேன்.

திரையில் எங்கள் குடியாத்தம் வீட்டுக் கூடம். அம்மா கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா, இன்னிக்கு சீக்கிரமே வந்துட்ட? ஒடம்பு சரியில்லையா?"

ஃபோன் காலத்திலிருந்தே அம்மா ரிசீவரை முதலில் வைத்தவள் இல்லை. காலையில் பேசி முடித்ததும், அவள் துண்டிக்கட்டும் என்று நான் திரையை அணைத்துவிட்டுப் போவேன்; நான் துண்டிக்கட்டும் என்று அவள் இருப்பாள். யாருமே துண்டிக்காமல், சாயங்காலம் ஊரில் கரண்ட் போய்த் தானாக அறுகிறவரை, பகல் முழுக்க இது ஓடியிருக்கிறது. "நீ ஏம்மா கட் பண்ணல?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீ பேசினு இருக்கசொல்ல நானா கட் பண்றது? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காதா? நீ போனப்புறம் உன் கட்டிலு, சட்டையெல்லாம் தெரியும். பாத்துனே வேலய செஞ்சுக்குவேன். தப்பாப்பா?"

தப்பில்லை என்றேன். அந்த அறையில் என்னைவிட அதிக நேரம் இருந்தவள் அவள்தான். ஆனாலும் அளவு அளவுதானே, இனிமேல் நானே துண்டித்துவிடுகிறேன் என்று சொன்னேன். "செய்யி" என்றாள்.

இப்போதெல்லாம் மாதம் முழுக்க அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தினமும் காலையில் துண்டித்துவிட்டு வெளியே வந்து பூட்டைத் தொங்கவிடும்போது, உள்ளே ஆளை வைத்துக் கதவைப் பூட்டுகிற மாதிரியே இருக்கிறது.