வீட்டுப் பாத்திக் கத்திரிக்காய்

தவளக்குப்பத்துக்கு மேற்கே எங்களுக்கு இருப்பது அரைக்காணிக்கும் குறைவு. வருஷம் முழுக்க அதில் கத்திரிதான். ஒரு செடி ஓய்ந்தால் அடுத்த நாற்று. மண்ணை ஒரு மாதம் சும்மா போட்டதில்லை. அப்படிப் பிழிந்தும் அது எங்களுக்குச் சோறு போடவில்லை. அதனால் நான் டவுனில் துணிக்கடைக்குப் போகிறேன், மனைவி பாக்கிங் கம்பெனிக்குப் போகிறாள்.

எனக்குச் செவ்வாய் ஒருநாள்தான் லீவு. அன்றுதான் பூச்சிமருந்து அடிக்க முடியும். அவளுக்குப் புதனன்று மத்தியான ஷிப்ட், அதனால் அன்று காலையில்தான் காய் பறிக்க நேரம். அடித்தபின் சில நாள் பறிக்கக் கூடாது என்று மருந்து டப்பாவிலேயே போட்டிருக்கிறது. எங்களுக்கு ஏது சில நாள்? செவ்வாய் அடித்ததைப் புதன் பறித்து, துடைத்துப் பளபளவென்று சந்தைக்கு அனுப்பிவிடுவோம். நாங்கள் தின்ன மட்டும் கிணற்றோரம் மருந்து படாத ஒரு பாத்தி. எங்கள் பக்கம் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

கடையில் என்னோடு புடவைப் பிரிவில் நிற்கும் அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"மாசமா இருக்கிற பொண்ணு கத்திரிக்கா கேக்குது தம்பி. உன் கொல்லையிலேர்ந்து ரெண்டு கிலோ கொண்டாந்து குடுப்பா," என்றாள் அக்கா.

வீட்டுப் பாத்தியில்தான் பறிக்க வேண்டும் என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். புதன் காலை அவள் கட்டிக் கொடுத்த பையோடு பஸ் பிடித்தேன், பிரித்துப் பார்க்கவில்லை. அக்காவிடம் கொடுத்தபோது பெரிய உத்தமன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அக்கா கத்திரிக்காய்க் குழம்பை என் டிபன் மூடியில் ஊற்றினாள்.

"ஒண்ணுல கூடப் புழு இல்ல தம்பி. பொண்ணு நேத்து ராத்திரியும் இதான், காலையிலயும் இதான்."

வீட்டுப் பாத்தியில் புழு இல்லாத காயே கிடையாது. வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டேன்.

"சொத்தக் காயவா குடுத்தனுப்பறது? நம்மள என்னா நெனப்பாங்க? சந்தைக்குப் பறிச்சதுல நல்லதாப் பாத்துப் பொறுக்கிப் போட்டேன்," என்றாள்.

அவளைத் திட்ட வாய் வரவில்லை. மருந்தடித்தவனே நான்தானே.

திரும்பி வந்து, வயிறு சரியில்லை என்று மூடியைத் தள்ளினேன். உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த வாரம் எங்கள் காயை எவன் தொடுவான் என்ற யோசனையும் கூடவே வந்தது. தூ, இதுவும் ஒரு பிழைப்பு. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

"வீணாக்க வேணாம், பொண்ணுக்கு ராத்திரிக்கு ஆவும்," என்று அக்கா மூடியிலிருந்ததை ஒரு சொட்டு விடாமல் தன் டப்பாவில் வழித்து ஊற்றினாள். அவளுக்கு வசதியாக டப்பாவைச் சாய்த்துப் பிடித்தது நான்தான்.